ஆங்கிலப் பாடத்தின் இலக்கிய, யாப்பு, இலக்கணக் கலைச்சொற்களைக் கற்கும் முறை: தமிழ் மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளி ஆங்கில வினாத்தாள்களில், செய்யுள் வரிகள் சிலவற்றைத் தந்து, அவற்றின் கீழே "இதில் வரும் ஃபிகர் ஆஃப் ஸ்பீச் எது", "ரைம் ஸ்கீமை எழுதுக", "அலிட்டரேஷன் சொற்களை எடுத்தெழுதுக" என்று கேட்பது நெடுநாள் வழக்கம். இதற்குப் பெரும்பாலான மாணவர்கள் செய்யும் ஆயத்தம், நோட்ஸில் உள்ள இருபது முப்பது சொற்களின் வரையறையையும் சொல்லுக்கு ஒன்றாக ஓர் எடுத்துக்காட்டையும் மனப்பாடம் செய்வதுதான். மனப்பாடம் செய்த அதே வரி வந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். வேறு வரி வந்தால் சிமிலியா மெட்டஃபரா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்க நேரும். வரையறையை ஒப்பிக்கத் தெரிந்தவருக்கு அது வரிக்குள் எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியாமல் போவதே இதற்குக் காரணம்.

கலைச்சொல் என்பது ஒரு வரி செய்யும் வேலைக்கு இட்ட பெயர். ஆகவே வேலையை முதலில் காண்பதும் பெயரைப் பிறகு கற்பதுமே சரியான வரிசை. தமிழ் இலக்கணம் படித்த மாணவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. உவமை, உருவகம், இயைபு, ஆகுபெயர், எச்சம் என்று இவ்வேலைகளில் பலவற்றை அவர் ஆறாம் வகுப்பு முதலே பார்த்து வருகிறார். ஆனால் இரு மொழிகளின் இலக்கணமும் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்துவதுபோல் தோன்றி ஏமாற்றுகிறது என்பதை இவ்வழிகாட்டி படிப்படியாகக் காட்ட முயல்கிறது.

முதற்படி: அகரவரிசைப் பட்டியலை ஒதுக்கிவிட்டுச் சொற்களை வேலைவாரியாகப் பிரியுங்கள்

நோட்ஸ்களில் அலிட்டரேஷனுக்கு அடுத்து, வேறொரு நூலையோ கதையையோ சுட்டிச்செல்லும் அல்யூஷனும் அதற்கடுத்து அப்பாஸ்ட்ரஃபியும் வருவதற்கு ஆங்கில அகரவரிசையைத் தவிர வேறு காரணம் இல்லை. மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகள். ஒரு வரியைப் பார்த்ததும் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். காதுக்கு ஏதாவது கேட்கிறதா? ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்துகிறதா? வரிகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன? யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார்? வாக்கியம் எவ்வாறு கட்டப்பட்டுள்ளது? முதற்கேள்வி ஒலி சார்ந்த சொற்களுக்கும், இரண்டாவது ஃபிகர் ஆஃப் ஸ்பீச் எனப்படும் அணிகளுக்கும், மூன்றாவது யாப்புக்கும், நான்காவது கதை நாடகச் சொற்களுக்கும், ஐந்தாவது இலக்கணத்திற்கும் உங்களைக் கொண்டுசெல்லும். குறிப்பேட்டிலும் இவ்வைந்து தலைப்புகளையே போடுங்கள்.

இரண்டாம் படி: ஒரே ஒரு பத்தியைத் தேர்ந்து அதையே துருவுங்கள்

நூறு வரிகளை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஆறு வரிகளை நன்றாகப் பார்ப்பது பலன் தரும். வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் 'டஃபோடில்ஸ்' என்று வழங்கும் கவிதை பலருக்கும் பழக்கமானது. 1807-இல் முதலில் அச்சாகி, 1815-இல் கவிஞராலேயே திருத்தப்பட்ட அக்கவிதையின் முதற்பத்தியை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஐ வாண்டர்ட் லோன்லி அஸ் எ க்ளவுட்
தட் ஃப்ளோட்ஸ் ஆன் ஹை ஓர் வேல்ஸ் அண்ட் ஹில்ஸ்,
வென் ஆல் அட் ஒன்ஸ் ஐ சா எ க்ரவுட்,
எ ஹோஸ்ட், ஆஃப் கோல்டன் டஃபோடில்ஸ்;
பிசைட் த லேக், பினீத் த ட்ரீஸ்,
ஃப்ளட்டரிங் அண்ட் டான்சிங் இன் த ப்ரீஸ்.

பள்ளத்தாக்குகளுக்கும் குன்றுகளுக்கும் மேலே மிதக்கும் மேகம்போலத் தனித்து அலைந்தேன். அப்போது திடீரென, ஏரியின் அருகில், மரங்களின் அடியில், காற்றில் படபடத்து ஆடும் பொன்னிற டஃபோடில் மலர்களின் பெருங்கூட்டத்தைக் கண்டேன் என்பது பொருள். இவ்வரிகளை ஆங்கிலத்தில் ஒரு தாளில் இடைவெளி விட்டு எழுதி, மூன்று நிறப் பேனாக்களை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிகள் அனைத்தும் இந்தத் தாளிலேயே நடக்கும்.

மூன்றாம் படி: வாய்விட்டுப் படித்து ஒலியைக் குறியுங்கள்

ஒலி சார்ந்த சொற்களைக் கண்ணால் தேடுவதே பெரும்பாலான தவறுகளுக்குத் தோற்றுவாய். அலிட்டரேஷன் என்பது அருகருகே உள்ள சொற்களில் ஒரே மெய்யொலி முதலில் வருவது. எழுத்து ஒன்றாக இருக்கவேண்டிய தேவையில்லை. ஒலி ஒன்றாக இருக்கவேண்டும். கே என்னும் எழுத்தில் தொடங்கும் 'நைஃப்' என்ற சொல்லும் என் என்னும் எழுத்தில் தொடங்கும் 'நெக்' என்ற சொல்லும் அலிட்டரேஷன் ஆகும். சி என்னும் எழுத்திலேயே தொடங்கினாலும் 'சிட்டி'யும் 'கேட்'டும் ஆகா.

நம் பத்தியின் ஐந்தாம் வரியில் 'பிசைட்', 'பினீத்' இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. 1807-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'பிசைட்' இருந்த இடத்தில் 'அலாங்' என்ற சொல்தான் இருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்துத் திருத்தும்போது கவிஞர் அதை மாற்றினார். மாற்றியதும் வரியின் இரு பாதிகளும் ஒரே ஒலியில் தொடங்கி ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. இப்படிப் பழைய சொல்லையும் புதிய சொல்லையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பார்ப்பதைவிட அலிட்டரேஷனைப் புரிந்துகொள்ள நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே தமிழ் மாணவர்கள் ஒரு பொறியில் சிக்குவதுண்டு. மோனைதானே அலிட்டரேஷன் என்று எண்ணி, யாப்பில் அனுமதிக்கப்படும் இன எழுத்துகளையும் சேர்த்துவிடுவார்கள். தமிழில் சகரத்திற்குத் தகரமும், மகரத்திற்கு வகரமும், ஞகரத்திற்கு நகரமும் மோனையாக வரலாம். ஆங்கில வகுப்பில் அந்தச் சலுகை கிடையாது. மேலும், தமிழில் உயிரெழுத்து மோனையும் உண்டு. பள்ளி ஆங்கிலத்தில் உயிரொலி மீண்டு வருவதை அசோனன்ஸ் என்று தனியாகக் குறிப்பார்கள். அசோனன்ஸ் சொல்லின் நடுவிலும் வரலாம். ஆறாம் வரியின் 'இன்' என்ற சொல்லும் 'டான்சிங்' என்பதன் ஈற்றசையும் அதற்கு ஒரு சிறு சான்று. மெய்யொலி சொல்லின் இடையிலோ இறுதியிலோ மீண்டால் கான்சொனன்ஸ். எதுகைக்கு, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றிவருவதற்கு, ஆங்கிலத்தில் தனிப்பெயர் இல்லை. ஆகவே அதைத் தேடவேண்டாம்.

ஆனமட்டோபியா என்பது ஒலியையே சொல்லாக்குவது. 'பஸ்' என்று வண்டு முரல்வதும் 'ஹிஸ்' என்று பாம்பு சீறுவதும் அவ்வகை. சலசல, படபட என்ற நம் இரட்டைக்கிளவிகளில் ஒலியைக் குறிப்பவற்றை நினைத்துக்கொண்டால் போதும்.

நான்காம் படி: ஒப்பீட்டையும் பொருள் மாற்றத்தையும் பிடியுங்கள்

கேள்விகள் அதிகம் வருவதும் குழப்பம் அதிகம் நேர்வதும் இப்பகுதியில்தான். ஆகவே இதில் நிதானமாக நடப்போம்.

மலர்முகம் என்றால் உவமை, முகமலர் என்றால் உருவகம் என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இதுவே. ஆனால் முழுவதும் இதுவன்று. ஆங்கிலத்தில் சிமிலி என்று சொல்லவேண்டுமானால் 'லைக்', 'அஸ்' போன்ற ஒப்புமைச் சொல் வெளிப்படையாக இருக்கவேண்டும். உவம உருபு மறைந்து வரும் உவமைத்தொகைக்கும், உருபே இல்லாமல் இரு தனி வாக்கியங்களாக வரும் எடுத்துக்காட்டு உவமை அணிக்கும் அங்கே சிமிலி என்ற பெயர் கிடைக்காது. இன்னொரு பக்கம், 'லைக்' என்ற சொல்லைக் கண்டவுடனே சிமிலி என்று எழுதுவதும் தவறு. 'ஐ லைக் மேங்கோஸ்' என்பதில் அது வெறும் வினைச்சொல். 'ஹீ இஸ் அஸ் டால் அஸ் ஹிஸ் பிரதர்' என்பதில் ஒப்புமை இருந்தாலும் சிமிலி இல்லை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே இனம். இனத்தால் வேறுபட்ட இரண்டை ஒரு பண்பால் இணைக்கும்போதுதான் சிமிலி பிறக்கிறது. 'லோன்லி அஸ் எ க்ளவுட்' என்பதில் மனிதனும் மேகமும் தனிமையால் இணைகின்றனர்.

மெட்டஃபரில் ஒப்புமைச் சொல் இருக்காது. ஒன்றையே மற்றொன்றாகச் சொல்லிவிடுவார்கள். 'ஹெர் வாய்ஸ் இஸ் ஹனி' என்பது போன்ற நேரடியான தொடர் எளிதில் தெரியும். வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் மெட்டஃபர்தான் கண்ணில் படாது. 'த நியூஸ் எக்ஸ்ப்ளோடட்' என்றால் செய்தி வெடிபொருளாகிவிட்டது.

பெர்சானிஃபிகேஷன் என்பது மனிதரல்லாத ஒன்றுக்கு மனிதச் செயலையோ பண்பையோ ஏற்றுவது. நம் பத்தியில் மலர்கள் ஆடுகின்றன. அத்துடன் மலர்த்தொகுதியைக் குறிக்கக் கவிஞர் எடுத்த இரு சொற்களைக் கவனியுங்கள்: 'க்ரவுட்' மக்கள் திரளையும், 'ஹோஸ்ட்' பெருங்கூட்டத்தையோ படையையோ குறிக்கும். முதல் வரியில் தனித்து நின்றவருக்கு மூன்றாம் வரியிலேயே துணைக்கு ஒரு கூட்டம் கிடைத்துவிடுகிறது. பெர்சானிஃபிகேஷன் என்று பெயரை மட்டும் எழுதிவிட்டு இந்த இணைப்பைச் சொல்லாமல் விடுவது, கையில் கிடைத்த மதிப்பெண்ணைக் கீழே போடுவதாகும்.

இதைத் தற்குறிப்பேற்ற அணி என்று மொழிபெயர்த்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அது முழுப் பொருத்தம் அன்று. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் காற்றில் அசையும் கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று கைகாட்டுவனபோல் இருந்தன என்று இளங்கோவடிகள் பாடுகிறார். இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் கவிஞர் தம் கருத்தை ஏற்றுவது தற்குறிப்பேற்றம். பெர்சானிஃபிகேஷனுக்கு அத்தகைய கற்பனைக் காரணம் தேவையில்லை. மலர் ஆடியது என்றாலே போதும். இயற்கை மனிதரின் உணர்ச்சிகளைப் பகிர்ந்துகொள்வதாகக் காட்டுவதற்கு 1856-இல் ஆங்கிலக் கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் சூட்டிய பெதட்டிக் ஃபாலசி என்ற பெயர் மேல்வகுப்புகளில் வரும். கொடிகளின் காட்சி அதற்கு ஓரளவு நெருங்கியது.

பெர்சானிஃபிகேஷனையும் அப்பாஸ்ட்ரஃபியையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் பலர். எதிரில் இல்லாத ஒருவரையோ, மரணம், காற்று, நாடு போன்ற ஒன்றையோ விளித்து நேராகப் பேசினால் அப்பாஸ்ட்ரஃபி. 'ஓ டெத்' என்று அழைத்தால் அது. 'டெத் நாக்ட் அட் த டோர்' என்றால் பெர்சானிஃபிகேஷன் மட்டும். நிறுத்தற்குறியாகிய அப்பாஸ்ட்ரஃபிக்கும் இதே பெயர், இதே எழுத்துகள் என்பதால், கேள்வி கவிதைப் பகுதியில் வந்துள்ளதா இலக்கணப் பகுதியில் வந்துள்ளதா என்று பார்த்துவிட்டு விடையளியுங்கள்.

ஹைப்பர்பொலி உயர்வு நவிற்சி. இதே கவிதையின் அடுத்த பத்தியில் பத்தாயிரம் மலர்களை ஒரே பார்வையில் கண்டதாகக் கவிஞர் சொல்வது அதற்குத் தக்க சான்று. ஹைப்பர்போல் என்று உச்சரிக்கவேண்டாம். கடைசி எழுத்துக்கும் ஒலி உண்டு.

ஆக்ஸிமோரானும் பாரடாக்ஸும் முரண் சார்ந்தவை. முரண்பட்ட இரு சொற்கள் அருகருகே ஒட்டி நின்றால் ஆக்ஸிமோரான்: ஷேக்ஸ்பியரின் ஜூலியட் பிரிவை 'ஸ்வீட் சாரோ' என்கிறாள். ஒரு முழுக் கூற்றே முரணாகத் தோன்றி, எண்ணிப்பார்த்தால் உண்மையாக விளங்கினால் பாரடாக்ஸ்: 'த சைல்ட் இஸ் ஃபாதர் ஆஃப் த மேன்' என்ற வேர்ட்ஸ்வொர்த்தின் வரி. குழந்தைப் பருவமே பின்னாளைய மனிதனை உருவாக்குகிறது என்று விரித்துச் சொல்ல முடிவதால் அது வெறும் முரணாக நின்றுவிடவில்லை.

மெட்டானிமி, சினெக்டகி இரண்டும் நம் ஆகுபெயருக்குள் அடங்கும். இந்தியா வென்றது என்றால் இடவாகுபெயர். நாட்டின் பெயர் அணிக்கு ஆகிவந்தது. இவ்வாறு தொடர்புடைய ஒன்றின் பெயரால் மற்றொன்றைச் சொல்வது மெட்டானிமி. அரசரைக் 'க்ரவுன்' என்பதும் அதுவே. தலைக்கு நூறு ரூபாய் என்றால் சினையாகுபெயர். உறுப்பு முழு ஆளைக் குறித்தது. பகுதியால் முழுமையையோ முழுமையால் பகுதியையோ குறிப்பது சினெக்டகி. கப்பலில் 'ஆல் ஹேண்ட்ஸ்' என்று மாலுமிகளை அழைப்பதை நினைவில் வையுங்கள்.

ஐரனி மூன்று வகைப்படும். சொல் ஒன்று, கருத்து அதற்கு எதிரானது என்றால் வெர்பல் ஐரனி. ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனி, புரூட்டஸ் மதிப்பிற்குரியவன் என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, கூட்டத்தின் மனத்தில் அந்த மதிப்பு சரிந்துகொண்டே போகிறது. கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், இருவரும் மனம்போனபடி நடப்பதால் என்னும் 1073-ஆம் குறளின் வஞ்சப்புகழ்ச்சியை அறிந்தவருக்கு இது எளிதில் பிடிபடும். எதிர்பார்த்ததற்கு மாறாக நிகழ்ச்சி முடிந்தால் சிச்சுவேஷனல் ஐரனி. பார்வையாளருக்குத் தெரிந்தது கதைமாந்தருக்குத் தெரியாமல் இருந்தால் டிராமட்டிக் ஐரனி: ஜூலியட் மயக்கத்தில்தான் இருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும், ரோமியோவுக்குத் தெரியாது.

எஞ்சியவற்றை விரைவாகப் பார்க்கலாம். பன் என்பது சிலேடை. யூஃபமிசம், இறந்தார் என்னாமல் இயற்கை எய்தினார் என்பதுபோன்ற மங்கலச் சொல். 'ஸ்லீப்லெஸ் நைட்' என்றால் உறங்காதது இரவன்று, ஆள். அடைமொழி இடம்மாறி அமர்ந்ததால் அது டிரான்ஸ்ஃபர்ட் எபிதெட். அனாஃபரா என்பது அடுத்தடுத்த வரிகளோ தொடர்களோ ஒரே சொல்லால் தொடங்குவது.

ஐந்தாம் படி: வரிகளின் கட்டமைப்பை எழுத்தால் குறியுங்கள்

ரைம் ஸ்கீம் எழுதுவது இயந்திரத்தனமான வேலை. ஒருமுறை கற்றால் மறக்காது. முதல் வரியின் இறுதிச் சொல்லுக்கு ஏ என்று குறியிடுங்கள். அடுத்த வரி அதனோடு இயைந்தால் மீண்டும் ஏ, இயையாவிட்டால் பி. 'க்ளவுட்' ஏ, 'ஹில்ஸ்' பி, 'க்ரவுட்' ஏ, 'டஃபோடில்ஸ்' பி, 'ட்ரீஸ்' சி, 'ப்ரீஸ்' சி. ஆகவே ஏபிஏபிசிசி. கடைசி இரு சொற்களின் எழுத்துக்கூட்டு வேறு, ஒலி ஒன்று; எனவே இயைபு உண்டு. மறுதலையாக, 'லவ்', 'மூவ்' இரண்டும் எழுத்தில் ஒத்து ஒலியில் வேறுபடும். அதற்கு ஐ ரைம், அதாவது கண்ணுக்கு மட்டும் தெரியும் இயைபு, என்று பெயர். இரு வரி இயைந்து வந்தால் கப்லெட், நான்கு வரிப் பத்தி குவாட்ரெயின்.

மீட்டரில், அதாவது வரியின் சந்த அளவில்தான், தமிழ்க் காது தடுமாறும். நம் அசைகள் குறில் நெடிலைக் கொண்டு அமைபவை. ஆங்கிலச் சந்தம் அசைகளின் அழுத்தத்தைக் கொண்டு அமைவது. அழுத்தம் என்றால் என்ன என்று அறிய 'ரெக்கார்ட்' என்ற சொல்லைச் சொல்லிப்பாருங்கள். பெயர்ச்சொல்லாக இருக்கும்போது முதலசையும், வினைச்சொல்லாக இருக்கும்போது இரண்டாமசையும் அழுத்தம் பெறும். அகராதியில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். ஐயம் வரும்போதெல்லாம் அதைப் பாருங்கள். இப்போது முதல் வரியை விரலால் மேசையில் தட்டிப் படியுங்கள்: ஐ, வாண், டர்ட், லோன், லி, அஸ், எ, க்ளவுட். எட்டு அசைகள், நான்கு தட்டல்கள். அழுத்தமில்லாதது முன்னும் அழுத்தமுள்ளது பின்னுமாக வரும் இணைக்கு ஐயாம்ப் என்று பெயர். அது நான்கு முறை வந்தால் ஐயாம்பிக் டெட்ராமீட்டர், ஐந்து முறை வந்தால் ஐயாம்பிக் பென்டாமீட்டர். அழுத்தம் முதலில் வந்தால் டிரோக்கி. ஆறாம் வரியின் தொடக்கத்தில் 'ஃப்ளட்' என்ற அசையிலேயே அழுத்தம் விழுந்து, அதுவரை சீராக வந்த நடை சற்றே குலுங்குகிறது. மலர்கள் படபடக்கும் இடத்தில் சந்தமும் படபடக்கிறது.

வரி முடிந்தும் வாக்கியம் முடியாமல் அடுத்த வரிக்குள் ஓடினால் என்ஜாம்மென்ட். முதல் வரி அவ்வாறே இரண்டாம் வரிக்குள் செல்கிறது. வரியின் நடுவில் 'எ ஹோஸ்ட்' என்பதை அடுத்து நேரும் நிறுத்தம் சிசூரா.

வடிவங்களில் சானெட்டை உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பதினான்கு வரி, ஷேக்ஸ்பியர் முறையில் மூன்று குவாட்ரெயினும் ஒரு கப்லெட்டும், இயைபு ஏபிஏபி, சிடிசிடி, ஈஎஃப்ஈஎஃப், ஜிஜி. 1609-இல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் 154 சானெட்டுகள் உள்ளன. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் முறையில் எட்டு வரியும் ஆறு வரியுமாகப் பிரிந்து, இடையில் கருத்து திரும்பும். பிளாங்க் வெர்ஸ், ஃப்ரீ வெர்ஸ் இரண்டையும் ஒன்றென்று எண்ணாதீர்கள். முன்னதில் ஐயாம்பிக் பென்டாமீட்டர் உண்டு, இயைபு இல்லை. 1667-இல் வந்த மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' அவ்வகை. பின்னதில் கட்டாயமான மீட்டரும் இல்லை, இயைபும் இல்லை; 1855-இல் தம் தொகுப்பை வெளியிட்ட வால்ட் விட்மன் அதற்குப் பெயர்பெற்றவர்.

ஆறாம் படி: பேசுபவர் யார் என்று கேளுங்கள்

கவிதையில் 'ஐ' என்று வந்தால் அது கவிஞரேதான் என்று எழுதிவிடுகிறோம். 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் டஃபோடில்களைக் கண்டபோது வேர்ட்ஸ்வொர்த் தனியாக இல்லை. தங்கை டாரத்தியும் உடனிருந்தார், அதைத் தம் நாட்குறிப்பிலும் எழுதிவைத்தார். கவிதையில் பேசுபவரோ தனித்து அலைகிறார். வாழ்ந்த மனிதருக்கும் கவிதைக்குள் பேசும் குரலுக்கும் உள்ள இந்த இடைவெளிக்காகத்தான் ஸ்பீக்கர் என்ற தனிச்சொல் இருக்கிறது. உரைநடைக் கதையில் அதே இடத்தை நரேட்டர் பிடித்துக்கொள்கிறார். அவர் 'நான்' என்று சொன்னால் ஃபர்ஸ்ட் பெர்சன். வெளியே நின்று ஒருவரின் மனத்தை மட்டும் அறிந்து சொன்னால் லிமிடெட். எல்லார் மனத்தையும் அறிந்தவராகச் சொன்னால் ஆம்னிஷியன்ட்.

டோன் என்பது பேசுபவர் பொருள்மீது கொண்டுள்ள மனப்பாங்கு. மூட் என்பது படிப்பவரிடம் எழும் உணர்வு. ஏளனமான டோனில் எழுதப்பட்ட ஒரு பகுதி படிப்பவரைச் சோகத்தில் ஆழ்த்தக்கூடும். ஆகவே இரண்டையும் ஒரே சொல்லால் விடையளிக்காதீர்கள்.

தீம் கேட்டால் நட்பு, இயற்கை, போர் என்று ஒற்றைச் சொல்லில் எழுதுவது போதாது. அது பொருள் மட்டுமே. இயற்கையில் கண்ட இன்பம் நினைவாக நின்று பின்னாளில் தனிமையை நிரப்புகிறது என்று ஒரு முழு வாக்கியமாகச் சொன்னால்தான் தீம் ஆகும். பிளாட்டின், அதாவது கதைப்பின்னலின், ஏற்ற இறக்கத்தை விளக்க ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் 1863-இல் வகுத்த ஐந்து பகுதிப் பிரமிடு இன்றும் வகுப்புகளில் வரையப்படுகிறது. ஐந்து அங்க நாடகங்களை மனத்தில் கொண்டு அவர் வகுத்ததை எல்லாச் சிறுகதைக்கும் வலிந்து பொருத்தத் தேவையில்லை என்பது என் கருத்து.

நாடகத்தில் தனியாக நின்று மனத்தில் உள்ளதை உரக்கச் சொன்னால் சொலிலக்வி. பிறர் கேட்க நீளப் பேசினால் மோனோலாக். மேடையில் மற்றவர் இருக்கும்போதே அவர்கள் காதில் விழாததுபோல் பார்வையாளரிடம் சொன்னால் அசைட்.

ஏழாம் படி: அதே பத்தியை இலக்கணக் கண்ணால் மறுபடி படியுங்கள்

இலக்கணச் சொற்களுக்குத் தனி வாக்கியங்களைத் தேடவேண்டியதில்லை. 'ஐ வாண்டர்ட்' மெயின் கிளாஸ், அதாவது முதன்மை வாக்கியக் கூறு. எழுவாயும் முற்றுவினையும் கொண்டு தனித்து நிற்கிறது. 'தட் ஃப்ளோட்ஸ்' என்று தொடங்குவது ரிலேட்டிவ் கிளாஸ், மேகத்தை விளக்குகிறது. தமிழில் இதே வேலையை மிதக்கும் மேகம் என்று பெயரெச்சம் பெயருக்கு முன் நின்று செய்யும். ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் வரும். இந்த இடமாற்றத்தை உணர்ந்தவருக்கு 'ஹூ', 'விச்', 'தட்' மூன்றும் சிரமம் தருவதில்லை. 'வென்' என்று தொடங்குவது சபார்டினேட் கிளாஸ். ஆகவே முழுப் பத்தியும் ஒரு காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ். 'பிசைட் த லேக்' என்பதில் முற்றுவினை இல்லாததால் அது ஃப்ரேஸ். 'லோன்லி' என்பது எல்-வை என முடிந்தாலும் அட்வெர்ப் அன்று, அட்ஜெக்டிவ்; 'ஃப்ரெண்ட்லி'யும் அவ்வாறே.

'ஃப்ளட்டரிங்', 'டான்சிங்' இரண்டும் மலர்களைக் குறித்து வருவதால் பார்ட்டிசிப்பிள். இதே ஐ-என்-ஜி வடிவம் பெயராக வந்தால் ஜெரண்ட். அது நம் தொழிற்பெயர். 'ஸ்விம்மிங் ஃபிஷ்' என்றால் நீந்துகிற மீன், எனவே பார்ட்டிசிப்பிள். 'ஸ்விம்மிங் பூல்' நீந்துகிற குளம் ஆகாது, நீந்துவதற்கான குளம், எனவே ஜெரண்ட். முற்று, எச்சம் என்ற பகுப்பு தெரிந்தவருக்கு ஃபைனைட், நான்ஃபைனைட் பகுப்பு பெரும்பாலும் தெரிந்ததே.

சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட், காம்ப்ளிமென்ட், அட்ஜங்ட் என்று வாக்கிய உறுப்புகளைப் பிரிக்கும் எஸ்.வி.ஓ.சி.ஏ. பகுதியில் ஆப்ஜெக்டும் காம்ப்ளிமென்டும் மாறிப்போகும். இரண்டும் ஒரே ஆளா என்று சோதியுங்கள். 'ஷீ பிகேம் எ டாக்டர்' என்பதில் அவளும் மருத்துவரும் ஒருவரே; காம்ப்ளிமென்ட். 'ஷீ மெட் எ டாக்டர்' என்பதில் இருவர், ஆப்ஜெக்ட். எங்கே, எப்போது, எப்படி என்ற கேள்விக்கு விடையாக வந்து, நீக்கினாலும் வாக்கியம் நிற்குமானால் அட்ஜங்ட். ஆர்ட்டிகிளுக்கு மட்டும் தமிழில் இணை தேடாதீர்கள்; அதை ஆங்கிலமாகவே பழகவேண்டும்.

எட்டாம் படி: குறிப்பேடும் மீள்பயிற்சியும்

ஒரு சொல்லுக்கு அரைப்பக்கம் ஒதுக்குங்கள். மேலே பெயர், அடுத்து உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வரி விளக்கம், பாடநூலிலிருந்து ஒரு வரி, நீங்களே இயற்றிய ஒரு வரி, இறுதியாக இதனோடு குழம்பக்கூடிய சொல் எது, எதனால் வேறுபடுகிறது என்ற குறிப்பு. சொந்தமாக ஒரு வரி இயற்ற வராவிட்டால் அந்தச் சொல் இன்னும் விளங்கவில்லை என்று கொள்ளுங்கள்.

நாளொன்றுக்கு நான்கைந்து சொற்களுக்கு மேல் எடுக்கவேண்டாம். மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் பெயர்ப்பகுதியை மறைத்துக்கொண்டு வரியை மட்டும் பார்த்துப் பெயரைச் சொல்லுங்கள். சிமிலிகளை மட்டும் ஒரே மூச்சில் பயில்வதைவிடச் சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன் மூன்றையும் கலந்து சோதிப்பதே தேர்வுக்கு உதவும். தேர்வில் அவை கலந்துதான் வரும்.

ஒன்பதாம் படி: விடையை மூன்று கூறாக எழுதுங்கள்

ஒரு மதிப்பெண் வினாவுக்குப் பெயர் மட்டும் போதும். அதற்கு மேற்பட்ட எந்த வினாவுக்கும் பெயர், சான்றுச் சொற்கள், அது விளைவிக்கும் பயன் என மூன்றும் வேண்டும். 'கவிஞர் பெர்சானிஃபிகேஷனைப் பயன்படுத்திக் கவிதைக்கு அழகு சேர்க்கிறார்' என்ற பொருளில் எழுதும் வாக்கியம் எந்தக் கவிதைக்கும் பொருந்தும். எனவே அதற்கு மதிப்பில்லை. 'க்ரவுட், டான்சிங் என்னும் சொற்களால் மலர்கள் மகிழ்ந்தாடும் மக்களாகின்றன. அதனால் முதல் வரியில் தனித்திருந்த பேசுபவருக்குத் துணை கிடைக்கிறது' என்ற கருத்தை எளிய ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியமாக எழுதினால் அது அந்தப் பத்திக்கு மட்டுமே உரிய விடை. ஒரே வரியில் இரண்டு அணிகள் இருந்தால், வினாவில் அடிக்கோடிட்ட சொற்களுக்கு எது நேராகப் பொருந்துகிறதோ அதை முதலில் எழுதுங்கள்.

எழுத்துப்பிழையையும் கவனிக்கவேண்டும். அலிட்டரேஷனில் எல் இரட்டிக்கும், அதை அடுத்துவரும் டி இரட்டிக்காது. ரைம் என்ற சொல்லில் ஆர்-க்குப் பின் ஹெச் உண்டு. ரிதம் என்பதில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தில் ஒன்றும் கிடையாது. சிமிலியில் எஸ்-க்குப் பின் உள்ள ஐ-யை விழுங்கி 'ஸ்மைல்' என்று எழுதிய விடைத்தாள்களைத் திருத்தாத ஆங்கில ஆசிரியர் அரிது. விடைத்தாளைக் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு சொல்லையாவது மறுமுறை பார்த்துவிடுங்கள்.